மக்காச்சோளத்திற்கு இடும் யூரியா வீணாகாமற் காக்கும் வழி

பெரம்பலூர் ஜில்லாவின் கரிசற் பூமியில் மக்காச்சோளம் முக்கியமான சாகுபடி என்பது யாவரும் அறிந்ததே. அப்பயிருக்கு வேண்டிய யூரியாவை அங்கத்தினர்களிற் பலர் தங்கள் ஐக்கிய சங்கத்திற் கடனாகவே பெறுகின்றனர். இட்ட உரம் பயிருக்குச் சேராமற் போனாலும், கடன் சங்கத்துப் பேரேட்டில் நின்றுகொண்டுதானிருக்கும். ஆகையால் உரம் வாங்குவதில் உள்ள கவனம் அதை இடுவதிலும் இருத்தல் வேண்டும்.

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் நூற்றுக்கு 46 பங்கு, அதாவது ஏறக்குறைய 20 கிலோ 700 கிராம், தழைச்சத்தாகும். மண்ணின் மேல் தூவி அப்படியே விட்டுவிட்டால் இதில் நாலில் ஒரு பங்கும், சில சமயம் அதற்கு மேலும், காற்றிற் கலந்துவிடக்கூடும். அப்பொழுது நாலு மூட்டை வாங்கியவர் மூன்று மூட்டையின் பலனையே அடைகிறார். கடனோ நாலு மூட்டைக்கும்.

இது எவ்வாறு நேருகிறது? விடியற்காலையில் மாட்டுக் கொட்டிலில் மூக்கைத் துளைக்கும் நெடியை நாம் அறிவோம். கோமூத்திரத்திலுள்ள யூரியா சிதைந்து அமோனியா என்னும் வாயுவாவதால் உண்டாகும் நெடியே அது. வயலில் தூவிய யூரியாவும் ஈரம் பட்டவுடன் அவ்வாறே சிதைகிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கரிசலில், வெயிலும் காற்றும் சேர்ந்தால், நஷ்டம் அதிகரிக்கும்.

தூறல் விழுந்து மேல்மண் நனைந்தவுடன் உரத்தைத் தூவுவது பலருடைய வழக்கம். உரம் கரைந்துவிட்டதென்று அவர்கள் திருப்தியடைகின்றனர். ஆனால் அவ்வீரம் உரத்தைச் சிதைக்கப் போதுமேயன்றி, வேர்வரை கொண்டு செல்லப் போதாது. பிறகு வெயில் காய்ந்தால் சத்து வாயுவாகிப் போய்விடும்.

ஆகவே அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவாறு செய்தல் நலம்.

1. உரத்தை ஒரே தடவையில் இடலாகாது. விதைக்கும்போது கால் பங்கும், 25-ஆம் நாளில் அரைப் பங்கும், 45-ஆம் நாளில் கால் பங்கும் இடுக. விதையின்மேல் உரம் படலாகாது.

2. செடிக்கு நாலு விரற்கடை தள்ளி, இரண்டு அங்குல ஆழத்தில் இட்டு, உடனே மண்ணால் மூடுக. மண் அணைக்கும் வேலையோடு இதைச் சேர்த்துச் செய்தால் கூலி மிச்சமாகும்.

3. இறவைப் பாசனமுள்ளோர் உரமிட்டவுடன் அளவாக நீர் பாய்ச்சுக. நீர் தேங்கினால் சத்தில் ஒரு பகுதி கீழே இறங்கியும், மற்றொரு பகுதி வாயுவாகியும் கெடும்.

4. சாம்பலையோ சுண்ணாம்பையோ யூரியாவுடன் கலக்கலாகாது. அமோனியா விரைவில் வெளியேறும்.

2015 முதல் நம் நாட்டில் யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. ஆகவே பயமில்லை என்று சிலர் கூறுவர். வேம்பு, சத்து மண்ணுக்குள் கரைந்து கீழே இறங்குவதைத் தாமதப்படுத்தும். மேலே கிடக்கும் உரம் வாயுவாவதை அது தடுக்காது. அதைத் தடுப்பது மண் மூடலும் நீருமே.

இதில் ஐயமுடையோர் நாலு வரிசைகளில் மட்டும் உரத்தை மண்ணால் மூடி, அடுத்த நாலு வரிசைகளில் அதே அளவைத் தூவிவிடுக. அறுவடையில் இரண்டையும் தனித்தனியே நிறுத்து, அக்கணக்கைச் சங்கத்தின் கூட்டத்தில் மற்றவர்க்கும் அறிவிப்பாராயின், அது ஊருக்கே செய்த உபகாரமாகும்.