லைட் மாற்றிய பிறகு வயரிங்கில் கோளாறா? டெஸ்டர் சொல்வதைப் புரிந்துகொள்வது எப்படி?

ஜவ்வாது மலையில் ஒரு வயர்மேனை வரவழைப்பது லேசான காரியம் இல்லை. ஜமுனாமரத்தூரிலிருந்தோ, கீழே போளூர், ஆலங்காயத்திலிருந்தோ ஆள் வரவேண்டும். அதனால் பழைய குண்டு பல்பு ஹோல்டரைக் கழற்றிவிட்டு எல்இடி ஃபிட்டிங் மாட்டும் வேலையை வீட்டுக்காரர்களே பார்த்துவிடுவது உண்டு. மாட்டியதும் எரிந்தால் சரி. எரியாவிட்டால்? அல்லது அணைத்த பிறகும் எரிந்தால்?

‘சுவிட்ச் ஆஃப் பண்ணியும் லைட்டு லேசா எரியுதே’ என்பது எல்இடி வந்த பிறகு அடிக்கடி கேட்கும் புகார். 60 வாட் குண்டு பல்பைக் கசிவு மின்சாரம் எரியவைக்காது. எல்இடிக்கு அந்தத் துளியே போதும். சுவிட்சில் சின்ன சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால், கசிவு அதன் வழியாகத்தான் வருகிறது, பயம் வேண்டாம். இண்டிகேட்டர் இல்லாமலும் மினுங்கினால், சுவிட்சைப் பேஸ் வயரில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கிறது என்று அர்த்தம். பல வருடங்களாக இருந்த தப்பைப் புது லைட்தான் காட்டிக்கொடுக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வைத்தால் பளிச்சென்று எரியும். மங்கலாக எரிந்தால், பக்கத்தில் ஓடும் வயரின் தூண்டலாகவும் இருக்கலாம்.

‘ரெண்டு பக்கமும் கரண்ட் வருது!’

மக்களை ரொம்பக் குழப்புவது இதுதான். டெஸ்டர் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது, லைட் மட்டும் எரியவில்லை. ‘ரெண்டு பேஸ் வந்துடுச்சு’ என்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, நியூட்ரல் அறுந்திருக்கிறது. ஆன் செய்து வைத்த இன்னொரு லைட் அல்லது ஃபேன் வழியாகப் பேஸ் உள்ளே போய், திரும்பிப் போக வழியின்றி நியூட்ரல் வயரில் நிற்கிறது. கறுப்பு வயர்தானே என்று தொட்டால் ஷாக் அடிக்கும்.

இதை எங்கே தேடுவது? கடைசியாகக் கை வைத்த ஃபிட்டிங்கில்தான். பழைய ஹோல்டரில் இரண்டு கறுப்பு வயர்கள் ஒரே ஸ்குருவில் சேர்ந்திருந்திருக்கும். ஒன்று அடுத்த அறைக்குப் போவது. புதியதை மாட்டும்போது அது விட்டுப்போனால் அடுத்த அறை இருண்டுவிடும். வீடு முழுக்கவே இப்படி என்றால் மெயின் பக்கமோ, கம்பத்திலிருந்து வரும் நியூட்ரலோ போயிருக்கலாம். அப்போது மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் சொல்லுங்கள்.

அதுவரை ‘எர்த்துல குடுத்தா எரியும்’ என்று ஒரு கம்பியை மண்ணில் அடித்து நியூட்ரலாக்குவது சில இடங்களில் நடக்கிறது. எரியும்தான். ஆனால் லைட் வழியாக வரும் மின்சாரம் முழுவதும் அந்தக் கம்பியில் இறங்குகிறது. கோடையில் மண் காய்ந்தாலோ, கம்பியின் இணைப்பு விட்டாலோ, அந்த வயரே பேஸ் ஆகிவிடும். வாசலில் விளையாடும் பிள்ளையோ, கட்டியிருக்கும் ஆடோ தொட்டால் போதும். இதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

சுவிட்சைப் போட்டதும் எம்சிபி விழுகிறதா? ஃபிட்டிங்கின் தகட்டுக்கு அடியில் வயர் நசுங்கியிருக்கலாம், அல்லது சுவிட்சிலிருந்து வரும் வயரை நியூட்ரலோடு முறுக்கியிருக்கலாம். பியூஸ் கேரியர் உள்ள வீட்டில் தடித்த கம்பியைப் போட்டு இதைச் ‘சரி’ செய்யாதீர்கள். பியூஸ் எரியாமல் வயர் எரியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால், கறுப்பும் பச்சையும் எங்காவது ஒட்டினாலே, அந்த லைட்டைப் போடாதபோதும் அது விழும். மழைக்காலத்தில் மண்சுவர் ஊறினாலும் இதே கதை. பழைய டியூப் லைட் பட்டியில் எல்இடி டியூப் மாட்டி அது வெட்டி வெட்டி எரிந்தால், உள்ளே இருக்கும் சோக்கைப் பாருங்கள். டியூப்போடு வரும் படத்தில் சோக், ஸ்டார்ட்டரை என்ன செய்ய வேண்டும் என்று போட்டிருக்கும்.

கை வைக்கும் முன் சுவிட்சை அல்ல, மெயினை அணைக்க வேண்டும். அணைப்பதற்கு முன்பே டெஸ்டரை ஓடும் பிளக்கில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். கெட்டுப்போன டெஸ்டர் ‘கரண்ட் இல்லை’ என்றுதான் சொல்லும். நியூட்ரலில் போட்ட சுவிட்சைப் பேஸுக்கு மாற்றுவதும், மண்சுவருக்குள் போன வயரைத் தேடுவதும் சான்று பெற்ற வயர்மேன் வேலை; பஸ் செலவு பார்க்காமல் கூப்பிட்டுவிடலாம்.

மாற்றுவது வாசல் லைட் என்றால் இன்னொன்று. இதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து வானம் பார்க்கிறது. மேலே சிதறும் வெளிச்சம் அதற்குத் தொந்தரவு. கீழ்நோக்கி எரியும் மூடி வைத்த ஃபிட்டிங் வாங்கினால் வாசலுக்கும் அதே வெளிச்சம்தான், மழைத்தண்ணீரும் ஹோல்டருக்குள் இறங்காது.