வெங்காயத்தின் இனிமை

சோற்றுக்கோ ரொட்டிக்கோ துணையாக இலையின் ஓரத்தில் வைக்கப்படும் உணவைத் தொடுகறி என்பது தமிழ் வழக்கு. தென் மாவட்டங்களில் இதனை வெஞ்சனம் என்றும் கூறுவர். தொட்டுக்கொள்ள உதவுவது என்னும் பொருள் சொல்லிலேயே அமைந்துள்ளது. இந்தியாவின் பல பகுதிகளில் இவ்விடத்தை மிகுதியாகப் பிடித்துக்கொண்டிருப்பது வெங்காயமே. வங்காளத்தில் நீரூற்றிய பழஞ்சோற்றுக்கும், ஒடிசாவில் பகாளச் சோற்றுக்கும், மராட்டிய உழவரின் சோள ரொட்டிக்கும் ஒரு வெங்காயமும் ஒரு பச்சை மிளகாயும் போதும். வயலில் கத்தி இராது. கைமுட்டியால் ஓங்கிக் குத்தி உடைத்த வெங்காயத்தையே அங்கு விரும்பி உண்கின்றனர்.

வெங்காயம் என்னும் சொல்லை வெம்மை + காயம் எனப் பிரிப்பர். வெம்மை என்பதன் ஈறு கெட்டு, வெம் என நின்று, மகரம் ஙகரமாகத் திரிந்து வெங்காயம் என்றாயிற்று. செம்மை + காந்தள் செங்காந்தள் ஆவதும் இவ்வாறே. காயம் என்பது காரத்தையும் கறிக்கூட்டையும் குறிக்கும். வெங்காயம் உண்ணாத இல்லங்களிலும் கோயில் மடைப்பள்ளிகளிலும் அதற்கு மாற்றாகச் சேர்க்கப்படும் பொருள் பெருங்காயம். இரு பெயர்களிலும் காயம் இருக்கிறது. இரு பொருள்களின் மணத்துக்கும் கந்தகச் சேர்மங்களே காரணமாக இருக்கின்றன. மலையாளத்தில் உள்ளி, தெலுங்கில் உல்லி, கன்னடத்தில் ஈருள்ளி என வழங்குவன எல்லாம் தமிழின் உள்ளி என்னும் பழஞ்சொல்லோடு உறவுடையவை. மராட்டியர் காந்தா என்பர். இந்தியில் பியாஜ். கருநாடகத்துப் பெல்லாரியிலிருந்து வந்த பெரிய வெங்காயத்தைத் தமிழகக் கடைகளில் இன்றும் பெல்லாரி என்றே கேட்டு வாங்குகின்றனர்.

பெயரிலேயே வெம்மை உள்ள இப்பொருளில் இனிமை எங்கிருந்து வருகிறது?

முதலில் காரம் எவ்வாறு தோன்றுகிறது எனக் காண வேண்டும். முழு வெங்காயத்துக்கு மணம் மிகக் குறைவு. அதன் உயிரணுவில் கந்தகம் கலந்த ஒருவகைச் சேர்மம் ஓர் அறையிலும், அல்லினேஸ் என்னும் நொதி மற்றோர் அறையிலும் தனித்தனியே உள்ளன. கத்தி பட்டதும் அறைச்சுவர் உடைகிறது, இரண்டும் கலக்கின்றன, அப்போதுதான் காரச்சுவை பிறக்கிறது. கண்ணைக் கரிக்கும் ஆவியை உண்டாக்குவதற்குத் தனியே மற்றொரு நொதி உண்டு என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வாவி கண்ணீருடன் கலந்து எரிச்சல் தர, கண் மேலும் நீரைச் சுரந்து அதனைக் கழுவ முயல்கிறது. மழுங்கிய கத்தி அணுக்களை நசுக்குவதால் ஆவி மிகும். கூரிய கத்தியும் குளிர்ந்த வெங்காயமும் கண்ணீரைக் குறைக்கும். முழு வெங்காயத்தைத் தோலுடன் தணலில் சுட்டு, பின்னர் நறுக்கினால் கண் கலங்குவதில்லை. அணுச்சுவர் உடையும் முன்பே வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது.

இனிப்பு வெங்காயம் என்றவுடன் அதில் சர்க்கரை மிகுதி என எண்ணுவது இயல்பு. உண்மை வேறு. காரமான வெங்காயத்திலும் சர்க்கரை உண்டு. சில வேளைகளில் இனிப்பு வெங்காயத்தில் இருப்பதைவிட மிகுதியாகவே உண்டு. காரம் நாவை நிறைத்துவிடுவதால் அது தெரிவதில்லை. இனிப்பு வெங்காயத்தில் கந்தகச் சேர்மங்கள் குறைவு, நீர் மிகுதி. திரை விலகியது போல் சர்க்கரை வெளிப்படுகிறது, அவ்வளவே. மண்ணில் கந்தகம் குறைந்தால் வெங்காயத்தின் காரமும் குறையும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து விடாலியா வெங்காயம் இதனால்தான் புகழ்பெற்றது. அப்பெயரில் எந்தப் பகுதியின் விளைச்சலை விற்கலாம் என்பதை அம்மாநிலம் 1986-இல் சட்டமாகவே இயற்றியது.

இந்தியாவிலும் இத்தகைய வெங்காயம் உண்டு. மராட்டிய மாநிலம் ராய்கட் மாவட்டத்தில், மும்பைக்குத் தெற்கே கடலோரமாக அலிபாக் என்னும் ஊர் அமைந்துள்ளது. நெல் அறுவடை முடிந்தபின் அவ்வயல்களிலேயே வெள்ளை வெங்காயம் பயிரிடப்படுகிறது. அளவில் நடுத்தரமானது, காரம் மிகக் குறைந்தது, பச்சையாகக் கடித்துத் தின்னத் தக்கது. தாளோடு சேர்த்துச் சடைபோலப் பின்னிய கொத்துகளாக இதனைச் சாலையோரங்களில் தொங்கவிட்டு விற்கின்றனர். அலிபாக் வெள்ளை வெங்காயத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. வேறு ஊர் வெள்ளை வெங்காயத்தை இப்பெயரால் விற்பவர்களும் இருப்பதால் அக்காப்பு வேண்டியதாயிற்று. வெண்ணிறம் ஒன்றே இனிப்புக்குச் சான்றாகாது. குசராத்தின் மகுவா வட்டாரத்தில் விளையும் வெள்ளை வெங்காயம் உலர்த்திப் பொடியாக்கும் ஆலைகளுக்குச் செல்வது. நீர் குறைந்து திண்மை மிகுந்த வெங்காயமே அவ்வாலைகளுக்கு ஏற்றது; அதனை அலிபாக் வெங்காயம் என நம்பிக் கடித்தவர் உடனே வேறுபாட்டை உணர்வார்.

இனிப்பு வெங்காயத்தின் உண்மையான இடம் அடுப்பில் அன்று, சமைக்காத தொடுகறியில்தான். மராட்டியர் கோஷிம்பீர் எனக் கூறும் பச்சடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு வெள்ளை வெங்காயங்களைப் பொடியாக அரிந்து, ஒரு கிண்ணம் கெட்டித் தயிரில் கலக்க வேண்டும். வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த நிலக்கடலை இரண்டு கரண்டியும், கொத்தமல்லித் தழையும் சேர்க்க வேண்டும். சிறிது எண்ணெயில் கடுகு, பெருங்காயம், பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டினால் பச்சடி ஆயிற்று. உப்பை மட்டும் பரிமாறும் வேளையில் இட வேண்டும். முன்னரே இட்டால் உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுத்துவிடும், தயிர் நீர்த்துப்போகும், வெங்காயமும் துவண்டுவிடும். கடலையையும் இறுதியில் சேர்த்தால்தான் அதன் மொறுமொறுப்பு நிலைக்கும்.

அலிபாக் வெங்காயம் கிடைக்காத ஊர்களே மிகுதி. தில்லியிலும் பஞ்சாபிலும் சாலையோர உணவகங்கள் இதற்கு வேறு வழி கண்டுள்ளன. தோலுரித்த சிறு வெங்காயங்களை நீர் கலந்த காடியில் உப்பு, சிறிது சர்க்கரை, இரண்டு துண்டு பீட்ரூட் ஆகியவற்றுடன் ஊறவைக்கின்றனர். ஓரிரு நாள்களில் காரம் தணிந்து, வெங்காயம் இளஞ்சிவப்பாகிறது. வட்டமாக அரிந்த வெங்காயத்தைக் குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் இட்டு வடிப்பது இன்னும் எளிய வழி. காரத்தின் ஒரு பகுதி நீரோடு போய்விடும்.

ஆனால் இந்தியச் சமையல் வெங்காயத்தில் இனிமையைத் தேடிய பெருவழி நெருப்பு. நூறு கிராம் வெங்காயத்தில் ஏறத்தாழ 89 கிராம் நீரே. எண்ணெயில் இட்டு வதக்கும்போது முதலில் நொதி செயலிழக்கிறது, கந்தக ஆவிகள் பறந்துபோகின்றன, நீர் வற்றுகிறது. நீர் இருக்கும் வரை வெங்காயத்தின் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டுவதில்லை. அதனால்தான் முதலில் அது நிறம் மாறாமல் பளிங்குபோல் ஆகிறது. இதனையே சமையல் நூல்கள் கண்ணாடிப் பதம் என்கின்றன. நீர் வற்றி வெப்பம் 140 பாகையை நெருங்கும்போதுதான் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பொன்னிறமும் புதிய மணமும் தருகின்றன. 1912-இல் இவ்வினையை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மயார் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. வாணலி நிறைய இட்ட வெங்காயம் ஒரு பிடியாகச் சுருங்குவதும் நீர் போவதால்தான். சர்க்கரை அந்த ஒரு பிடிக்குள் செறிந்துவிடுகிறது.

இங்கு ஒரு விந்தை உண்டு. நெடுநேரம் வதக்கிய பின் மிகுதியாக இனிப்பது பெரும்பாலும் காரமான வெங்காயமே. அதில் நீர் குறைவு, திண்மை மிகுதி. அதனை மறைத்திருந்த காரமோ நெருப்பில் மறைந்துவிடுகிறது. மிகுந்த விலை கொடுத்து வாங்கிய இனிப்பு வெங்காயத்தை எண்ணெயில் வதக்குவது வீண் செலவு என்றே கூற வேண்டும். வதக்கும்போது அவசரம் கூடாது. தீயைக் கூட்டினால் ஓரம் கருகி நடுவில் நீர் நிற்கும். கருகிய ஓரம் கசக்கும். சோடா உப்புச் சேர்த்தால் விரைவில் நிறம் மாறும் என்பது உண்மை. வெங்காயம் கூழாகிவிடும் என்பதும் உண்மை.

இம்முறையில் அமைந்த தொடுகறிகள் நாடெங்கும் உள்ளன. ஆந்திரத்தில் வெங்காயத்தையும் மிளகாயையும் அரைத்து வதக்கும் உல்லிக் காரம், கேரளத்தில் வறுத்த தேங்காயில் சின்ன உள்ளி வேகும் தீயல், தமிழகத்தில் சின்ன வெங்காயத் துவையல் எனப் பட்டியல் நீளும். வட இந்தியாவின் தோ பியாஜா என்பதற்கு இரண்டு வெங்காயம் என்பது பொருள். பாதி வெங்காயத்தை முதலில் வதக்கிக் கரையவிட்டு, மீதியை இறுதியில் இடுவதால் அப்பெயர் என்பர் சிலர்; வழக்கத்தினும் இரு மடங்கு வெங்காயம் சேர்ப்பதால் என்பர் வேறு சிலர்.

இவற்றுள் விரிவாகக் கூறத்தக்கது மராட்டியரின் பரலி காந்தி, அதாவது பூரணம் நிறைத்த வெங்காயம். எட்டுச் சிறிய வெங்காயங்களைத் தோலுரித்து, அடிப்பகுதி பிரியாதபடி மேலிருந்து நான்காகக் கீற வேண்டும். வறுத்த நிலக்கடலைப் பொடி, வறுத்த எள், கொப்பரைத் துருவல், மிளகாய்ப் பொடி, உப்பு, சிறிது வெல்லம், புளிக்கரைசல், கோடா மசாலா ஆகியவற்றைப் பிசைந்து கீறலுக்குள் அடைக்க வேண்டும். அடிகனத்த வாணலியில் எண்ணெய் ஊற்றிக் கடுகு தாளித்து, வெங்காயங்களை அடுக்கி, மூடியிட்டுச் சிறுதீயில் வேகவிட வேண்டும். மூடியைக் குழிந்த தட்டாக வைத்து அதில் நீர் ஊற்றுவது அவ்வூர் வழக்கம். மேலே நீர் இருப்பதால் தட்டு விரைவில் சூடாவதில்லை. உள்ளிருந்து எழும் ஆவி அதில் பட்டு நீராகி மீண்டும் வாணலியிலேயே சொட்டுகிறது. வெங்காயம் தன் நீரிலேயே வெந்து குழைகிறது. கத்தியும் சூடான எண்ணெயும் தேவைப்படும் சமையல் ஆதலால், மாணவர்கள் இதனைப் பெரியவர் உடனிருக்கும்போதே செய்ய வேண்டும்.

இனிப்பு வெங்காயம் இவ்வளவு விரும்பப்படுமாயின், உழவர் அனைவரும் அதனையே பயிரிடலாமே என்னும் கேள்வி எழும். தடையாக இருப்பது சேமிப்பு. இந்தியாவின் வெங்காய விளைச்சலில் பெரும்பகுதி குளிர்காலப் பயிர். ஏப்ரல், மே மாதங்களில் அறுவடையாவது. அதுவே மழைக்காலப் பயிர் சந்தைக்கு வரும் வரை, ஐந்தாறு மாதங்கள், நாட்டுக்கு உணவாக வேண்டும். நாசிக் வட்டாரத்தில் உழவர்கள் தரைக்கு மேல் உயர்த்திய, பக்கங்களில் இடைவெளி விட்ட நீண்ட கொட்டகைகளில் வெங்காயத்தைக் கொட்டிவைக்கின்றனர். காந்தா சாளி என்பது அதன் பெயர். காற்று ஊடுருவிச் செல்வதால் ஈரம் தங்காது. அங்கும் எடை குறையும், சில அழுகும், சில முளைவிடும். முளைப்பதைத் தடுக்கக் கதிரியக்கம் செலுத்தும் நிலையம் ஒன்று லாசல்காவில் 2002 முதல் உள்ளது. நீர் மிகுந்த இனிப்பு வெங்காயமோ அக்கொட்டகையில் மழைக்காலத்தைத் தாண்டாது. கிருமிகளை எதிர்க்கும் கந்தகச் சேர்மங்களும் அதில் குறைவு. கண்ணைக் கரிக்கும் அதே பொருள்தான் கார வெங்காயத்தைக் கெடாமல் வைக்கத் துணைசெய்கிறது.

அறுவடை நாளில் விலை வீழ்ந்தால் காத்திருக்க முடிந்தவர் காத்திருக்கிறார்; கடனுள்ளவர் அன்றே விற்கிறார். காத்திருந்தவருக்கும் உறுதி இல்லை. நகரங்களில் விலை ஏறியபோது 2019 செப்டம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெங்காய ஏற்றுமதிக்கு அரசு தடை விதித்தது. ஏற்றுமதி நின்றால் உள்நாட்டில் விலை தணியும். மாதக்கணக்கில் கொட்டகையைக் காத்தவர் எதிர்பார்த்த விலை கிட்டாது. தடை இல்லையெனில், பழஞ்சோற்றுக்கு வெங்காயம் ஒன்றே தொடுகறியாக உள்ள வீட்டில் அதுவும் இல்லாமற் போகும். இரண்டு பக்கமும் இழப்பு மெய்யானதே. இதற்கிடையில் கொட்டகைக்குள் உழவர் குடும்பம் அவ்வப்போது குவியலைக் கிளறி, அழுகியதை மணத்தால் கண்டு பொறுக்கி எறிகிறது. ஒன்று அழுகினால் அருகில் இருப்பவற்றுக்கும் அது பரவும்.

பயிற்சி

1. வெங்காயம், செங்காந்தள் ஆகிய சொற்களைப் பிரித்துப் புணர்ச்சி விதி கூறுக.

2. கோஷிம்பீருக்கு உப்பை இறுதியில் இடுவது ஏன்?

3. ‘வதக்கிய பின் மிகுதியாக இனிப்பது காரமான வெங்காயமே.’ காரணம் காட்டி விளக்குக.

4. உங்கள் ஊரில் வெங்காயத்தால் செய்யப்படும் தொடுகறி ஒன்றின் செய்முறையை, அவ்வூர்ப் பெயருடன் பத்து வரிகளில் எழுதுக.