முன்பாரம் தெரியாமல் கேரவன் பூட்டாதீர்கள்

கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரண்டு பூ நெல் விளைந்த நாஞ்சில் நாட்டில், களத்து மூட்டையையும் வைக்கோலையும் நெடுங்காலம் வீடு சேர்த்தது காளைவண்டிதான். பாரம் ஏற்றி முடித்ததும் வண்டிக்காரர் உடனே மாட்டைப் பூட்டிவிட மாட்டார். நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். தூக்கவே முடியாமல் கீழே அமுங்கினால் முன்பாரம். கையை விட்டதும் தானாக மேலே எழும்பினால் பின்பாரம். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி எழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். அதனால் ஒரு மூட்டையை முன்னே தள்ளி, இன்னொன்றைப் பின்னே இழுத்து, கைக்குச் சரியென்று பட்ட பிறகே காளைகளைக் கொண்டுவருவார். மேடு ஏறும்போது அவரே முன்னால் நகர்ந்து உட்காருவார், இறக்கத்தில் பின்னால் சாய்வார். பாரம் எவ்வளவு என்ற கணக்கு வேறு, பாரம் எங்கே இருக்கிறது என்ற கணக்கு வேறு என்பது அவருக்குத் தெரியும். இன்று காருக்குப் பின்னால் வண்டி பூட்டுகிறவர்களில் பலர் முதல் கணக்கை மட்டும் போட்டுவிட்டுப் புறப்படுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கேரவன் என்றால் நமக்குச் சினிமாப் படப்பிடிப்பில் நிற்கும் பெரிய வேன்தான் நினைவுக்கு வரும். அது தானே ஓடும் வண்டி. இன்னொரு வகை, எஞ்சின் இல்லாமல் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு. களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. காஷ்மீரத்தில் தொடங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை முடிகிற இடம் கன்னியாகுமரி என்பதால், இந்த வண்டிகள் நம் சாலைகளுக்குப் பழக்கமாக அதிக நாள் ஆகாது. அவற்றோடு வரவேண்டிய கருவி ஒன்று உண்டு: பாரம் பகிரும் கொக்கி. அமெரிக்காவில் இழுவை வீடு வைத்திருப்போர் நன்கு அறிந்த பொருள். நம் கடைகளில் அரிது. அது என்ன செய்கிறது என்று புரிய, முதலில் அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும்.

1,200 கிலோ எடையுள்ள கேரவன், அதன் முன்பாரம், அதாவது காரின் இணைப்பில் அமுங்கும் எடை, 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.8 மீட்டர். கேரவனைப் பூட்டும் இணைப்பு உருண்டை பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் துருத்தி நிற்கிறது. அந்த உருண்டையில் 150 கிலோ உட்கார்ந்ததும் பின் அச்சில் 150 கிலோதானே கூட வேண்டும்? இல்லை, சுமார் 214 கிலோ கூடுகிறது. மீதி 64 கிலோ முன் அச்சிலிருந்து பிடுங்கப்பட்டது. ஏற்றப்பலகையின் ஒரு முனையில் ஆள் உட்கார்ந்தால் மறுமுனை எழும்புவதுபோல, பின் அச்சை நடுவாக வைத்து காரின் மூக்கு மேலே எழும்புகிறது. காரைத் திருப்புவது முன்சக்கரம். பிரேக்கில் பெரும்பங்கு தாங்குவதும் அதுவே. அந்தச் சக்கரத்தில் பாரம் குறைந்தால் மழைச் சாலையில் பிடி குறையும், இரவில் விளக்கு வானத்தைப் பார்க்கும். செங்கலை முன்பக்கமாக அடுக்கிய டிரெய்லரை இழுக்கும் டிராக்டரில் இதே கதை இன்னும் அப்பட்டமாக நடக்கும்: ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் முன்சக்கரம் மண்ணைப் பிடிக்காது.

இதற்குப் பட்டறையில் கிடைக்கும் உடனடி வைத்தியம், பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடப் போடுவது. கார் நிமிர்ந்து நிற்கும், பார்க்க லட்சணமாகவும் இருக்கும். ஆனால் முன் அச்சு இழந்த 64 கிலோ திரும்பி வராது. பட்டை காரின் உயரத்தைத்தான் மாற்றுகிறது, பாரத்தின் இடத்தை மாற்றவில்லை. பாரம் பகிரும் கொக்கி செய்வது வேறு. கொக்கியின் தலையிலிருந்து இரண்டு எஃகு ஸ்பிரிங் தண்டுகள் பின்னோக்கிப் போய், கேரவனின் முன்சட்டத்தில் சங்கிலியாலோ தாங்கியாலோ மாட்டப்படுகின்றன. மாட்டும்போது தண்டுகள் வில்போல வளைகின்றன. ஒற்றைச் சக்கரக் கைவண்டியின் பிடியைத் தூக்கினால் பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறதல்லவா, அதே வேலையை இந்தத் தண்டுகள் காரின் பின்புறத்தில் செய்கின்றன. நாம் எடுத்துக்கொண்ட கணக்கில், உருண்டையிலிருந்து கேரவனின் அச்சு 4.5 மீட்டர் தள்ளி இருந்தால், தண்டுகளைச் சரியாக இறுக்கியதும் முன் அச்சு தன் 64 கிலோவை முழுதாகத் திரும்பப் பெறும். பின் அச்சில் கூடியது 214-லிருந்து சுமார் 118 ஆகக் குறையும். மிச்சம் 32 கிலோ கேரவனின் சொந்தச் சக்கரத்துக்குப் போய்விடும். 150 கிலோ 150 கிலோவாகவே இருக்கிறது, உட்காரும் இடம்தான் மாறியது.

இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி எழும். காளைவண்டிக்காரர் முன்பாரம் மிஞ்சாமல்தானே பார்த்துக்கொண்டார்? கேரவனிலும் சாமான்களைப் பின்னால் தள்ளி முன்பாரத்தைக் குறைத்துவிட்டால் இந்தக் கொக்கியே தேவையில்லையே? இதற்குப் பதில் வேகத்தில் இருக்கிறது. மாட்டின் நடை வேகத்தில் வண்டி வாலாட்டாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்பாரம் கொண்ட கேரவன் ஒரு சிறு தள்ளலுக்கே இடவலமாக ஆடத் தொடங்கும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் வண்டி காரையே திருப்பிப் போடும். ஆரல்வாய்மொழிக் கணவாயை எண்ணிப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலையிடுக்கில் நெருக்கிக்கொண்டு பாய்வதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. 5 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் உயரம் உள்ள கேரவனின் பக்கச் சுவரில் 50 கிலோமீட்டர் வேகக் காற்று மோதினால் சுமார் 130 கிலோ அளவுக்குத் தள்ளும். அந்தத் தள்ளலைச் சமாளிக்கத்தான் அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பாரம் இருக்க வேண்டும் என்கிறார்கள். முன்பாரம் வேண்டும், ஆனால் அது காரின் மூக்கைத் தூக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் கொக்கி.

ஐரோப்பாவில் இது இல்லாமலேயே இழுக்கிறார்களே என்பார்கள். உண்மைதான். அங்கே 5 முதல் 7 விழுக்காடு முன்பாரமே போதும் என்கிறார்கள். பல கார்களின் உருண்டை 75 முதல் 100 கிலோவுக்கு மேல் தாங்கவும் அனுமதியில்லை. அவர்களுடைய வண்டிகளில் பிரேக் பிடிக்கும்போது இணைப்புத் தண்டு உள்ளே சறுக்கிக் கேரவனின் சக்கரத்தைப் பிடிக்கும் ஏற்பாடு இருப்பதால், சங்கிலி போட்டுப் பூட்டும் கொக்கி பொதுவாக அதற்கு ஒத்துவராது. ஆனால் அந்த வசதிக்கு அவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் கேரவன் இழுக்கும் காருக்கு வேக வரம்பு 80. தனிச் சான்று பெற்றால்தான் 100. கேரவனுக்குள் கனமான பொருள்களை அச்சை ஒட்டியே வைப்பார்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகளும், முன்பாரத்தோடு எடை வண்டிக்குள் எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் நிலைப்பைத் தீர்மானிப்பதாகக் காட்டின. நுனிகளில் குடம் கட்டிய காவடித் தண்டைச் சுமப்பவர் சட்டென்று திரும்ப முடியாது. திரும்பிவிட்டால் சட்டென்று நிற்கவும் முடியாது. கேரவனின் இரு கோடியிலும் கனம் வைப்பதும் அப்படித்தான். ஆக, வேகத்தையும் அடுக்குமுறையையும் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கொக்கி இல்லாமல் முடிகிறது. வெறுமனே கொக்கியை மட்டும் விட்டுவிட்டு அவர்களைக் காட்டுவது வாதமாகாது.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கார். தயாரிப்பாளரின் கையேட்டில் இழுவை எடை குறிப்பிடப்படவில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. குறிப்பிட்டிருந்தால், பின்னால் பொருத்தும் சட்டம் வளைவிசையையும் தாங்கும்படி செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். எடை மட்டும் தாங்கும் சட்டம் இதற்குப் போதாது. அடுத்தது தண்டுகளின் வலு. கேரவனின் முன்பாரத்தோடு, காரின் பின் அச்சுக்குப் பின்னால் டிக்கியில் வைக்கும் சாமானையும் கூட்டிக்கொள்ள வேண்டும். நம் கணக்கில் 150 கிலோவோடு டிக்கியில் 50 கிலோ இருந்தால் 200 கிலோவுக்கான தண்டு. வலு குறைந்த தண்டு வளையுமே தவிர வேலை செய்யாது. தேவைக்கு மீறிய தண்டு பள்ளம் மேட்டில் கேரவனின் சட்டத்தையே அடித்து நொறுக்கும். எடைக்கு ஊகம் வேண்டாம்; லாரிகள் ஏறும் எடை மேடை எல்லா ஊரிலும் இருக்கிறது. காரை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு, ஸ்பிரிங் தண்டுகளை மாட்டாமல் கேரவனைப் பூட்டி அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருக்கும்படி நிறுத்தி இன்னொரு சீட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்பாரம்.

பொருத்துவதைச் சமதரையில், பயணத்துக்குரிய சாமான் முழுதும் ஏற்றிய பிறகே செய்ய வேண்டும். கேரவன் மட்டமாகவோ மூக்கு சற்றே தாழ்ந்தோ நிற்கும்படி உருண்டையின் உயரத்தை வைக்க வேண்டும். காரின் முன்சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவின் உயரத்தை மூன்று முறை அளக்க வேண்டும்: பூட்டுவதற்கு முன், பூட்டிய பின், தண்டுகளை இறுக்கிய பின். எழும்பிய உயரத்தில் பாதியாவது திரும்பக் கீழே வந்திருக்க வேண்டும்; எவ்வளவு வரவேண்டும் என்று காரின் கையேடு சொன்னால் அதுவே முடிவு. வராவிட்டால் சங்கிலியில் ஒரு கண்ணி குறைக்கலாம், அல்லது கொக்கித் தலையின் சாய்வை மாற்றலாம். சங்கிலியை மாட்டும்போது கைபலம் காட்டக் கூடாது. ஜாக்கியால் கேரவனின் மூக்கையும் காரின் பின்புறத்தையும் சேர்த்து உயர்த்தினால் தண்டு தளர்ந்து கண்ணி சுலபமாக ஏறும். வளைந்து நிற்கும் தண்டு கை நழுவினால் முகத்தைப் பதம்பார்த்துவிடும்.

இறுக்குவது நல்லதென்றால் முழுக்க இறுக்கிவிடலாமே என்ற எண்ணம் ஆபத்தானது. முன்வளைவு பழைய உயரத்துக்கும் கீழே போனால், பின்சக்கரத்தில் இருக்க வேண்டிய பாரம் போய்விட்டது என்று பொருள். வளைவில் காரின் பின்புறம் வழுக்கும். அதுபோலவே, பின்பாரமாக அடுக்கிய கேரவனை எந்தக் கொக்கியும் திருத்தாது. இருக்கிற முன்பாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதுதான் அதன் வேலை. இல்லாத முன்பாரத்தை அது உண்டாக்காது. முன்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் 100 லிட்டர் நிரப்பினாலே 100 கிலோ; அதில் பெரும்பகுதி உருண்டையில் போய் உட்காரும். தொட்டி நிறைந்தாலும் காலியானாலும் ஒருமுறை வண்டியை ஓரங்கட்டி, டேப்பை எடுத்து முன்வளைவை அளந்து பார்த்துவிட்டே கணவாய்க் காற்றுக்குள் போங்கள்.