கரண்ட் பில் மொட்டை மாடியில் தொடங்குகிறது

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்குவதற்குத்தான் பணம் கரைகிறது. வடசென்னையின் மாதவரத்தில் அந்தத் தேவை இல்லை. மார்கழி விடியலிலும் இங்கே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். வெந்நீர் போடும் ஹீட்டரைத் தவிர, சூட்டுக்காக நாம் மின்சாரம் செலவழிப்பதில்லை. நமக்குச் செலவு வைப்பது வேண்டாத சூடு. மாசியில் தொடங்கி ஐப்பசி மழை பிடிக்கும்வரை, வீட்டுக்குள் புகுந்த வெப்பத்தை விரட்டவே மின்விசிறியும் ஏசியும் ஓடுகின்றன.

நம்மில் பெரும்பாலோர் வெப்பம் உள்ளே வந்தபிறகு அதை விரட்டுவதற்குக் காசு கொடுக்கிறோம். வராமல் தடுக்க ஆகும் செலவு அதைவிடக் குறைவு. எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு பலன் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

500 யூனிட் என்னும் கோடு

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 2016-இல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசமானது. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையைக் கொண்டு ஒரு கணக்குப் போடலாம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். இப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் வரும்.

500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4.50 கணக்காகும்; 500-க்கு மேலே உள்ளதற்கு 8 ரூபாய். 510 யூனிட் ஓடினால் 2,030 ரூபாய். பத்து யூனிட் கூடியதற்கு 305 ரூபாய் கூடுதல்! 600 யூனிட் ஓடினால் 2,750. அதாவது 600-லிருந்து 500-க்கு இறங்கினால் 1,025 ரூபாய் மிச்சம்.

அதன்பிறகு கட்டணம் திருத்தப்பட்டிருக்கிறது. உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும் வீட்டுக்கு 100 யூனிட் குறைப்பது சின்ன லாபம் இல்லை. அந்த 100 யூனிட்டை எங்கே பிடிப்பது என்பதுதான் கேள்வி.

சூடு எந்த வழியாக வருகிறது?

சென்னை பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் பெரிதாக விலகுவதில்லை. கோடையில் வீட்டின் மேல் விழும் வெயிலில் பெரும்பங்கை வாங்குவது மொட்டை மாடி. அடுத்தது, பிற்பகல் வெயில் சாய்ந்து அடிக்கும் மேற்குச் சுவர். தெற்குச் சுவருக்குக் கோடையில் அவ்வளவு தொல்லை இல்லை.

ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்தபின் அதை மெல்லக் கீழே விடும். இரவு பத்து மணிக்கு வெளியே காற்று குளிர்ந்திருக்கும்போது மேல்தள வீட்டின் உட்கூரை அனலடிப்பது இதனால்தான். அந்த வீட்டில் ஏசியைப் போட்டால், அறைக் காற்றோடு சேர்த்து அந்தக் கான்கிரீட்டையும் குளிர வைக்கப் பணம் கட்டுகிறோம்.

இதை நம் பழைய கொத்தனார்கள் அறிந்திருந்தார்கள். ராயபுரத்திலும் ஜார்ஜ் டவுனிலும் எஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குக் கட்டைகளுக்கு மேல் சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். கான்கிரீட் வந்த பிறகும் ஜல்லி சுண்ணாம்பும் தட்டோடும் வெகுகாலம் தொடர்ந்தன. செலவைக் குறைக்க இப்போது பல வீடுகளில் தளத்தின் மேல் சிமென்ட் பூச்சோடு விட்டுவிடுகிறார்கள். அங்கே மிச்சம் பிடித்த காசு, கரண்ட் பில்லாக ஆண்டுதோறும் திரும்பி வருகிறது.

முதல் வேலை: மாடிக்கு வெள்ளை

சாம்பல் நிறக் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே இழுக்கும். நல்ல வெள்ளைப் பூச்சு முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். உச்சி வெயிலில் வெறுங்காலோடு இரண்டின் மேலும் நின்று பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அறைக்குள் பொதுவாக 2 முதல் 5 டிகிரி வரை குறையும்.

மூன்று வழிகள் இருக்கின்றன. மிக மலிவானது சுண்ணாம்பு. நீர்த்த சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு மூன்று கை அடிக்கலாம். ஆண்டுக்கொருமுறை திரும்ப அடிக்க வேண்டும். இரண்டாவது, கடைகளில் விற்கும் கூல் ரூஃப் பெயின்ட். விலை கூடுதல், சில ஆண்டுகள் தாங்கும். மூன்றாவது, வெள்ளைக் கூல் டைல்ஸ். மாடியில் ஒழுகல் இருந்து எப்படியும் தளத்தைச் சீர்செய்யப் போகிறவர்களுக்கு இதுவே சரி. புது வீடு கட்டுகிறவர்கள் தட்டோட்டையும் விசாரித்துப் பாருங்கள். எதைச் செய்தாலும் விரிசலை முதலில் அடைத்துவிட வேண்டும்.

வடசென்னைக்கென்று ஒரு கவனம் தேவை. ஜி.என்.டி. சாலையிலும் உள்வட்டச் சாலையிலும் ஓயாமல் ஓடும் லாரிகளின் தூசி, மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் புகை எல்லாம் மாடியில் படியும். வெள்ளை அழுக்கானால் பலன் குறையும். ஆகவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை மாசியில் பூசுங்கள். ஐப்பசியில் பூசினால் மழை கரைத்துவிடும். கோடை நடுவில் ஒருமுறை துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள்.

இது புதுமையான யோசனையும் இல்லை. 2010-இல் கடும் வெப்ப அலையைக் கண்ட அகமதாபாத் நகரம் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. 2017-இல் எளியவர்களின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கியது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டு, அரசு, வணிகக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது.

ஷீட் போட்ட வீடுகள்

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ தகரமோ போட்ட வீட்டில் இருப்பவர்கள்தான் அதிகம் வேகிறார்கள். வெள்ளைப் பூச்சின் பலனும் இவர்களுக்கே உடனே தெரியும். ஷீட்டைத் தேய்க்கவோ துளையிடவோ உடைக்கவோ கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து மெதுவாகக் கழுவி, காய்ந்ததும் பூசுங்கள். ஷீட்டின் மேல் ஏறி நிற்க வேண்டாம், உடைந்துவிடும். ஏணியோ பலகையோ போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும்.

ஷீட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் தென்னங்கீற்றோ பச்சை நிழல் வலையோ கட்டினால் வெயில் நேரே படாது. இடையில் காற்றும் போகும். அடுப்புக்கு மேலேயும் மின்கம்பிக்குப் பக்கத்திலும் கீற்று வேண்டாம். உள்ளே தெர்மாகோல் ஒட்டுவதிலும் தீப்பிடிக்கும் ஆபத்து உள்ளது.

மேற்கு ஜன்னலும் மாலைக் காற்றும்

மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டால் வெளிச்சம் குறையும், சூடு அவ்வளவாகக் குறையாது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சுட்டு, அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கும். தடுப்பு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டி, சன்ஷேடிலிருந்து தொங்கும் நிழல் வலை, கொஞ்சம் இடமிருந்தால் ஒரு புங்கை அல்லது வேம்பு. 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களுக்கு ஈடாக வைக்க வேண்டியவை நம் பக்கம் இன்னும் ஏராளம்.

மாதவரம் கடலிலிருந்து சில கிலோமீட்டர்தான் உள்ளே இருக்கிறது. கடற்காற்று நண்பகலை ஒட்டிக் கிளம்பும். மே மாதத்தில் மேற்குக் காற்று அதைத் தடுத்துவிட்டால் அன்றைக்கு அனல் எகிறும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. வெளியே உள்ளேயைவிடச் சூடாக இருக்கும் பகலில் ஜன்னலை மூடுங்கள். காற்று திரும்பியதும் கிழக்கிலும் மேற்கிலும் எதிரெதிராகத் திறந்துவிடுங்கள். கொசுவுக்கு அஞ்சித்தான் பலர் திறப்பதில்லை. ஜன்னல் வலை அடியுங்கள். தூசி அடைத்த வலை காற்றை விடாது, அதை மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

ஏர் கூலர் வாங்குமுன் ஒரு யோசனை. அது தண்ணீரை ஆவியாக்கிக் குளிர வைக்கிறது. வறண்ட ஊர்களுக்கு ஏற்றது. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், மூடிய அறையில் புழுக்கம்தான் கூடும்.

மின்விசிறியில் ஒளிந்திருக்கும் 100 யூனிட்

பழைய சீலிங் ஃபேன் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். ஒரு நாளைக்கு 15 மணிநேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் என்றால் 120 யூனிட். முன்னே தேடிய 100 யூனிட் இங்கேயே கிடைத்துவிட்டது. கூடவே, மின்வெட்டில் இன்வெர்ட்டர் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் முத்திரை கட்டாயம், அதைப் பார்த்து வாங்குங்கள்.

ஏசி உள்ளவர்களுக்கு

2020 ஜனவரி முதல் ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படியே தயாரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 18-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. குளிரும் வேகம் பெரிதாக மாறாது, மெஷின்தான் நிற்காமல் ஓடும்.

சென்னையில் நம்மை வாட்டுவதில் பாதி, வியர்வையை உலரவிடாத ஈரம். ஏசி அந்த ஈரத்தை எடுத்துவிடுகிறது. ஆகவே 26 அல்லது 27-இல் வைத்து ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் உடம்புக்குப் போதும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், நம் பக்கத்துத் தூசிக்கு அது அவசியம். கதவின் அடி இடுக்கை அடையுங்கள். வெளி யூனிட்டைக் காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். விடியற்காலை நின்றுவிடும்படி டைமர் வையுங்கள். புதிதாக வாங்கும்போது ஸ்டாரோடு நில்லாமல் ஸ்டிக்கரில் உள்ள ஆண்டு மின்நுகர்வு எண்ணை ஒப்பிடுங்கள். அது 1,600 மணிநேரத்துக்கான கணக்கு.

சொந்த மாடி உள்ளவர்கள் சோலாரையும் யோசிக்கலாம். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கு மொத்தம் 78,000 ரூபாயும் மானியம். ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். பலகைகளின் நிழல் தளத்தையும் காக்கும். ஆனால் மாடிக்கு வெள்ளை அடித்து, ஃபேனை மாற்றிய பிறகு கணக்குப் பாருங்கள். தேவை குறைந்தால் சின்ன அமைப்பே போதும்.

நம் யூனிட், நம் காற்று

மாதவரத்துக்கு வடகிழக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும், பக்கத்திலேயே 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் நிற்கின்றன. அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்ததை எண்ணூர் மீனவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். தமிழகம் முழுவதும் எரிக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கின் புகையையும் சாம்பலையும் வடசென்னை தாங்குகிறது. யூனிட்டைக் குறைப்பதில் நம் நுரையீரலின் நலனும் இருக்கிறது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அப்படியானால் வாரியக் குடியிருப்புகளின் மாடிகளுக்கும் ஷீட் வீடுகளுக்கும் ஒவ்வொரு தை மாதமும் வெள்ளை அடித்துக் கொடுப்பது நிவாரண வேலையாகவே நடக்க வேண்டும். இதை வார்டு கூட்டங்களில் கேளுங்கள். வாடகை வீட்டின் மேல்தளத்தில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். சுண்ணாம்புச் செலவைப் பாதிப்பாதி பகிர்ந்துகொண்டாலும் ஒரே கோடையில் பில்லில் திரும்பக் கிடைக்கும். வீட்டுக்காரர்களே, உங்கள் தளத்தின் ஆயுளுக்கும் அது நல்லது. முதலில் மாடி, பிறகு மேற்கு ஜன்னல், அடுத்து ஃபேன், கடைசியில் ஏசி. இந்த வரிசையில் செலவழியுங்கள். அடுத்த தை பிறந்ததும் முதல் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.