60 ரூபாய் பேட்டரிக்கு 12,000 ரூபாய் இழக்கத் தெரிஞ்சேன்: கார் ரிமோட் சாவி நின்னா என்ன பண்ணணும்?



வழக்கமா எஸ்ஐபி, டாக்ஸ், ஹோம் லோன்னு பேசுற நம்ம பக்கத்துல இன்னிக்கு ஒரு சின்ன வட்ட பேட்டரியைப் பத்திப் பேசப்போறோம். "சிஏ படிச்சவருக்கு கார் சாவியில என்ன வேலை?"ன்னு கேக்காதீங்க. முழுசாப் படிச்சிட்டு சொல்லுங்க, இது பணத்தைப் பத்தின பதிவா இல்லையான்னு.

போன வருஷம் நவம்பர்ல அப்பாவுக்கு கண்புரை ஆபரேஷன். அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ராத்திரி எட்டரை மணி, நல்ல மழை. ஒரு கண்ணுல கட்டோட அப்பா ஆஸ்பத்திரி வாசல்ல சேர்ல உக்காந்திருக்கார். கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் கறாரா சொல்லியிருக்கார். நான் காரை எடுத்துட்டு வரலாம்னு பார்க்கிங் போறேன். சாவியில பட்டனை அமுக்குறேன், ஒண்ணும் ஆகல. பத்து தடவை அமுக்கிட்டேன். ம்ஹூம்.

இதுல வெக்கப்பட வேண்டிய விஷயம் என்னன்னா, "சாவி பேட்டரி குறைவு"ன்னு டேஷ்போர்டுல மூணு வாரமா மெசேஜ் வந்துட்டே இருந்துச்சு. "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்"னு மூணு ஞாயித்துக்கிழமையைத் தள்ளிட்டேன்.

அந்த இடத்துல எனக்குக் கிடைச்ச யோசனைகள் மூணு. ரோட்சைடு அசிஸ்டன்ஸுக்கு போன் பண்ணா, வர ஒன்றரை மணி நேரம் ஆகும்னாங்க. பக்கத்துல ஒருத்தர், "கம்பி விட்டு திறக்குற ஆள் இருக்கார், 1,500 ரூபாய் ஆகும்"னார். இன்னொருத்தர் சர்வசாதாரணமா, "பின் கதவு கண்ணாடியை உடைங்க சார், இன்சூரன்ஸ்ல வந்துடும்"னார். அப்பா மழைச்சாரல்ல இருக்கார்ங்கிற பதட்டத்துல, நான் நிஜமாவே கல்லு தேட ஆரம்பிச்சிட்டேன்.

அப்பா கிட்ட போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நிதானமா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பூட்டுன்னு இருந்தா சாவின்னு ஒண்ணு இருக்குமேப்பா? அது எங்க?"

சாவிக்குள்ள ஒரு சாவி

அந்த ரிமோட்டைத் திருப்பிப் பாத்தேன். ஓரத்துல ஒரு சின்ன லாட்ச். அதை நகர்த்திட்டு இழுத்தா, உள்ளேருந்து சின்னதா ஒரு இரும்புச் சாவி வந்துச்சு. நாலு வருஷமா கையில வெச்சிருக்கேன், இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது! பெரும்பாலான ஸ்மார்ட் சாவிகள்ல இது இருக்கும். டிரைவர் பக்கக் கதவுல சாவித் துவாரம் தெரியலன்னா, கைப்பிடி ஓரத்துல இருக்கிற சின்ன மூடிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும்.

கதவு திறந்துச்சு. கூடவே அலாரமும் அலறுச்சு. ரிமோட்டால பூட்டின வண்டியை இரும்புச் சாவியால திறந்தா பல கார்கள்ல அப்படித்தான் ஆகும், பயப்பட வேண்டாம். வண்டியை ஸ்டார்ட் பண்ணா அலாரம் அடங்கிடும்.

சரி, ஸ்டார்ட் பண்றது எப்படி? "சாவி இல்லை"ன்னு டேஷ்போர்டு சொல்லுது. அங்க இருந்த ஒரு டாக்ஸி டிரைவர் அண்ணன்தான் சொல்லிக் குடுத்தார்: "பிரேக்கை மிதிங்க. சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலயே ஒட்டி வைங்க. சாவியாலயே பட்டனை அமுக்குங்க." வண்டி உறுமுச்சு. அப்படி ஒரு நிம்மதி!

இது எப்படி வேலை செய்யுதுன்னா, சாவிக்குள்ள பேட்டரியே தேவைப்படாத ஒரு சின்ன சிப் இருக்கு. வண்டியில இருக்கிற காயில் பக்கத்துல கொண்டு போனா, அதுலேர்ந்தே மின்சாரம் எடுத்துட்டு, "நான்தான் உன் சாவி"ன்னு அடையாளம் சொல்லிடும். மெட்ரோ கார்டை கேட்ல தட்டுற மாதிரிதான். சில கார்கள்ல ஸ்டார்ட் பட்டனுக்குப் பதிலா கப் ஹோல்டர்லயோ, ஸ்டீயரிங் தண்டு பக்கத்துலயோ சாவியை வைக்கிற இடம் இருக்கும். உங்க வண்டியில எங்கன்னு மேனுவல்ல இருக்கும். இன்னிக்கே பாத்து வெச்சிடுங்க.

அன்னிக்கு ராத்திரி ஆன செலவு பூஜ்யம். மறுநாள் வாங்கின பேட்டரி 60 ரூபாய்.

கண்ணாடியை உடைச்சிருந்தா? கணக்கு பாப்போம்

இதுதான் நம்ம ஏரியா. "இன்சூரன்ஸ்ல வந்துடும்"ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி இருக்கிற கணக்கை ஒரு உதாரணத்தோட பாருங்க.

கண்ணாடி மாத்த 4,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். கண்ணாடிக்கு தேய்மானம் கழிக்க மாட்டாங்க. ஆனா 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கைக்கு வர்றது 3,000.

இப்ப நோ கிளெய்ம் போனஸைப் பாருங்க. கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்துல தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும். ஒரு கிளெய்ம் போட்டா நேரா பூஜ்யம். தள்ளுபடிக்கு முந்தின பிரீமியம் 12,000 ரூபாய், மாறாம இருக்கு, இப்ப நீங்க 35 சதவீதத்துல இருக்கீங்கன்னு வெச்சுக்கலாம்.

- அடுத்த வருஷம்: கிளெய்ம் போடலன்னா 6,600, போட்டா 12,000. வித்தியாசம் 5,400.
- ரெண்டாவது வருஷம்: 6,000க்குப் பதிலா 9,600. வித்தியாசம் 3,600.
- மூணாவது வருஷம்: 6,000க்குப் பதிலா 9,000. வித்தியாசம் 3,000.

மொத்தம் 12,000 ரூபாய் கூடுதலா கட்டுவீங்க, 3,000 ரூபாய் வாங்குறதுக்காக! நோ கிளெய்ம் போனஸ் ப்ரொடெக்ஷன்னு தனி ஆட்-ஆன் எடுத்திருந்தா கணக்கு மாறும். இல்லன்னா சின்ன கிளெய்முக்கு கை தூக்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

பேட்டரியை நீங்களே மாத்தலாம்

பல சாவிகள்ல சிஆர் 2032 இருக்கும். அந்த நம்பரே அளவுதான்: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். சிஆர் 2025ம் அதே 3 வோல்ட்தான், ஆனா தடிமன் 2.5. "ரெண்டும் ஒண்ணுதான் சார்"னு கடைக்காரர் குடுத்தா வாங்காதீங்க. உள்ள ஆடி, தொடர்பு விட்டு விட்டு வரும். பழைய பேட்டரி மேல என்ன நம்பர் இருக்கோ அதையே வாங்குங்க.

1. இரும்புச் சாவியை வெளிய எடுங்க. அந்த இடத்துல இருக்கிற பள்ளத்துல துணி சுத்தின தட்டை ஸ்க்ரூடிரைவரை வெச்சு மெதுவா நெம்புங்க.
2. பழைய பேட்டரியை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுங்க. பிளஸ் பக்கம் மேலயா கீழயான்னு பிறகு குழப்பம் வராது.
3. புதுசை ஓரத்தைப் பிடிச்சு வைங்க, சர்க்யூட்டைத் தொடாதீங்க. குழந்தைங்க வாயில வைக்காம இருக்க கசப்புப் பூச்சு போட்ட பேட்டரிகள் இப்ப வருது. அது சில சாவிகள்ல சரியா வேலை செய்யாது. புது பேட்டரியும் ஓடலன்னா இதையும் சந்தேகப்படுங்க.
4. மூடிட்டு டெஸ்ட் பண்ணுங்க. பொதுவா ப்ரோக்ராம் அழியாது. சில மாடல்கள்ல மட்டும் மேனுவல்படி மறுபடி இணைக்க வேண்டியிருக்கும்.

சாவியை காருக்கு ரொம்ப பக்கத்துல மாட்டி வெச்சா ரெண்டும் ஓயாம பேசிட்டே இருந்து பேட்டரி சீக்கிரம் தீரலாம். இந்த லித்தியம் பேட்டரி கடைசி வரைக்கும் நல்லா ஓடிட்டு திடீர்னு சரியும். அதனால எச்சரிக்கை வந்ததும் அந்த வாரமே மாத்திடுங்க.

ரொம்ப முக்கியம்: பழைய பேட்டரியை டேபிள்ல போட்டு வைக்காதீங்க. குழந்தை முழுங்கிட்டா, தொண்டைக்குழாய்ல மாட்டி ரெண்டு மணி நேரத்துலயே உள்ள புண்ணாக்கிடும். சந்தேகம் வந்தாலே நேரா எமர்ஜென்சிக்கு ஓடுங்க. காலியான பேட்டரிக்கும் இது பொருந்தும். ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குற இடத்துல குடுங்க.

ரெண்டாவது சாவி எங்க?

வண்டி திருடு போனா, கிளெய்ம் பண்ணும்போது இன்சூரன்ஸ் கம்பெனி ரெண்டு ஒரிஜினல் சாவியையும் கேக்கும். ஒண்ணுதான் இருக்குன்னா, "இன்னொண்ணு எங்க போச்சு, எப்போ போச்சு, புகார் குடுத்தீங்களா?"ன்னு கேள்வி வரிசையா வரும். சாவி தொலைஞ்ச அன்னிக்கே போலீஸ்ல புகார் குடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல சொல்லி வைங்க.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறவங்க இதை மறக்கவே கூடாது. ஒரே சாவி குடுத்தாங்கன்னா, புது ஸ்மார்ட் சாவியும் ப்ரோக்ராமிங்கும் என்ன ஆகும்னு டீலர்கிட்ட விசாரிச்சு, அந்தத் தொகையை விலையில குறைச்சுக் கேளுங்க. பல மாடல்களுக்கு அது பத்தாயிரத்தைத் தாண்டும்.

கீ ரீப்ளேஸ்மென்ட் ஆட்-ஆன் எடுத்திருக்கீங்களா? அது பொதுவா சாவி தொலைஞ்சாலோ திருடு போனாலோதான். பேட்டரி தீர்ந்ததுக்கெல்லாம் வராது.

இந்த வாரம் 10 நிமிஷ வேலை

- இரும்புச் சாவியை எடுத்து ஒரு தடவை கதவைத் திறந்து பாருங்க.
- ரெண்டாவது சாவி வேலை செய்யுதான்னு பாருங்க. அதுக்கும் பேட்டரி தீரும்.
- சரியான நம்பர் பேட்டரி ஒண்ணை வாங்கி, குழந்தைக்கு எட்டாத இடத்துல வைங்க.
- பாலிசியில ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கான்னு பாத்து, அந்த நம்பரை போன்ல சேவ் பண்ணுங்க.

உங்க வீட்ல கார் ஓட்டுற எல்லாருக்கும் இதைக் காட்டிக் குடுங்க. எங்க வீட்ல அப்பாவுக்குத்தான் முதல்ல காட்டினேன். ரெண்டு கண்ணாலயும் நல்லா பாத்துட்டு, "இதுக்கா கல்லு தேடின?"ன்னு சிரிச்சார்.