லைனுக்குப் போறதா, லோக்கல்லயே ஓட்டுறதா? போடியில ஒரு புது டிரைவரோட கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்ப சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் வேலை தேடுறதப் பத்தி. ஆனா ஆஃபீஸ் வேலை இல்ல, ஸ்டியரிங் வேலை.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர். உங்க டீயில, பிரியாணியில விழுற ஏலக்காய் இந்த ஊர் வழியா வந்திருக்க நல்ல வாய்ப்பிருக்கு. ஸ்பைசஸ் போர்டு கண்காணிப்புல ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடக்குற மையங்கள்ல ஒண்ணு கேரளாவுல வண்டன்மேடு பக்கத்துல புத்தடி, இன்னொண்ணு போடி. காய் விளையுறது மேல, இடுக்கி மாவட்டத்து உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை, நெடுங்கண்டம் பக்கம். கீழே தரம் பிரிச்சு, மூட்டை கட்டி, வடக்கே அனுப்புறாங்க.

அப்போ இந்த ஊர்ல லைசென்ஸ் எடுத்த ஒரு பையனுக்கு ரெண்டு வழி தெரியுது. ஒண்ணு 'லைன்'. டெல்லி, மும்பைன்னு வெளிமாநில லோடு அடிக்கிறது. இன்னொண்ணு 'லோக்கல்'. போடி, தேனி, கம்பம், அப்புறம் மலை மேல எஸ்டேட்டுக்கு ஏறி இறங்குறது. லைன்ல காசு, லோக்கல்ல நிம்மதி, இதுதான் பொதுவா எல்லாரும் சொல்றது. இதுல எது எவ்வளவு உண்மைன்னு பாப்போம்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுது?

லோடு வண்டி எதுவா இருந்தாலும் ஓட்டுறதுக்கு 20 வயசு ஆகணும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ல இது இருக்கு. ஹெவி லைசென்ஸ் வேணும்னா அதுக்கு முன்னாடி இலகுரக வாகன லைசென்ஸ், அதாவது எல்.எம்.வி., கையில ஒரு வருஷமாவது இருக்கணும். அதுக்கு அப்புறம்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆரே போட முடியும்.

அந்த ஒரு வருஷம் என்ன பண்றது? இதுக்கு 2024 நவம்பர் 6-ல சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதிகள் அமர்வு ஒரு தெளிவைக் கொடுத்துச்சு. வண்டியோட மொத்த எடை, லோடையும் சேர்த்து, 7,500 கிலோவுக்குள்ள இருந்தா சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸே போதும், தனியா பேட்ஜ் வேண்டாம். நம்ம ஊர்ல ஓடுற டாடா ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் இந்த எல்லைக்குள்ள வந்துடும்.

அதனால முதல் வருஷத்துக்கு 'லைனா லோக்கலா'ங்கற கேள்வியே கிடையாது. லோக்கல் பிக்கப்தான். நிஜமான முடிவு ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்த அன்னைக்குத்தான் வருது.

லைன் காசு: நாளால வகுத்துப் பாருங்க

போடியில இருந்து டெல்லி 2,600 கிலோமீட்டருக்கு மேல. தேனி, வத்தலக்குண்டு, திண்டுக்கல் போய் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடிச்சா கரூர், நாமக்கல், சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரான்னு ஒரே ரோடு. ஒரு நாளைக்கு 350, 400 கிலோமீட்டர்னு வச்சா போக ஏழு நாள், வர ஏழு நாள். லோடு இறக்கி, ரிட்டன் லோடு கிடைக்க ரெண்டு நாள். மொத்தம் 16 நாள்.

இப்போ ஒரு கணக்கு போடுவோம். இது வெறும் உதாரணம், சந்தை நிலவரம் இல்ல. உங்க ஊர் நம்பரை நீங்க போட்டுக்கங்க.

ஒரு டிரிப்புக்கு படி, சம்பளம் எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய். கேட்கும்போது நல்லா இருக்கு. ரோட்டுல சாப்பாடு, டீ, குளியல்னு நாளைக்கு 350 போனா 16 நாளுக்கு 5,600. மிச்சம் 14,400. நாளைக்கு 900. ஆனா ஒரு டிரிப் முடிஞ்சு அடுத்த லோடு வர்ற வரைக்கும் மூணு நாள் வீட்டுல இருக்கோம்னா அதுவும் கணக்குல சேரணும். 14,400-ஐ 19-ஆல வகுத்தா ஏறக்குறைய 758 ரூபாய். மாசத்துக்கு ஏறக்குறைய 22,700. வீட்டுல இருக்குறது மாசத்துல அஞ்சு நாள்.

லோக்கல்ல நாளைக்கு 800 ரூபாய், வீட்டுச் சாப்பாடு, மாசம் 25 நாள் வேலைன்னா 20,000. வித்தியாசம் 2,700 ரூபாய். அந்த 2,700-க்காக மாசத்துல 25 ராத்திரி வீட்டுல இல்லாம இருக்கணுமா? இப்படிக் கேட்டா நிறைய பேர் லோக்கல் பக்கம் சாஞ்சுடுவாங்க.

அவசரப்படாதீங்க. லோக்கலுக்கு சீசன் இருக்கு.

மலை வேலைக்கு மாசம் பார்க்கணும்

ஏலக்காய் அறுவடை ஜூன், ஜூலைல தொடங்கி ஜனவரி வாக்குல ஓயும். பச்சைக்காயைப் பறிச்ச உடனே எஸ்டேட்டுல இருக்குற ஸ்டோர்ல போட்டு சூட்டுல உலர்த்துவாங்க. அஞ்சு கிலோ பச்சைக்காய் உலர்ந்தா சுமாரா ஒரு கிலோதான் தேறும். அதனால மலையில இருந்து இறங்குற சரக்கு விலைக்குத்தான் பெருசு, எடைக்கு இல்ல. 2019 ஆகஸ்ட்ல ஏலத்துல ஒரு கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போச்சு. அந்த விலைக்கு 50 கிலோ மூட்டை ஒண்ணு மூணரை லட்சம்.

எடை எல்லாம் மேல ஏறுறதுலதான். உரம், தொழு உரம், சிமெண்ட், அரிசி. சீசன் முடிஞ்சா இந்த ஓட்டமும் குறையும். அந்த மாசத்துல 16 நாள்தான் வேலைன்னா அதே 800 ரூபாய்க்கு 12,800-தான் வரும். லைனோட ஒப்பிட்டா 10,000 ரூபாய் துண்டு விழுது. வீட்டு வாடகை, வாங்கின கடன் எல்லாம் சீசன் பார்த்து வர்றதில்ல.

அதனால லோக்கல் வேலைக்குப் பேசும்போது 'நாளைக்கு எவ்வளவு?'ன்னு மட்டும் கேட்டா பத்தாது. 'மார்ச், ஏப்ரல்ல எத்தனை நாள் வண்டி ஓடும் மொதலாளி?'ன்னு கேட்கணும். மாசச் சம்பளமா பேச முடியுமான்னு கேட்கணும். அதே வண்டிக்கு வாழை, தேங்காய், மாங்காய்னு கீழ்நாட்டு லோடும் இருந்தா வருஷம் முழுக்க சமாளிக்கலாம். ஏலக்காயை மட்டும் நம்புற வண்டின்னா யோசிக்கணும்.

'லோக்கல்னா ஈஸி'. இந்த நினைப்பு ஆபத்து

போடியில இருந்து போடிமெட்டு சுமார் 26 கிலோமீட்டர். 17 கொண்டை ஊசி வளைவு. அதுக்குள்ள ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுது. ஏறுறது கஷ்டம்தான், ஆனா உயிரை வாங்குறது பெரும்பாலும் இறக்கம்.

ஏன்னு கொஞ்சம் ஃபிசிக்ஸ் பாப்போம். வண்டியும் லோடும் சேர்ந்து பத்து டன். அது ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளியாகுற சக்தி, சுமார் 300 லிட்டர் பச்சைத் தண்ணிய கொதிநிலைக்குக் கொண்டு வரப் போதும். காத்தும் டயர் உராய்வும் அதுல கொஞ்சம் வாங்கிக்கும். மிச்சத்தை யாராவது வாங்கியாகணும். பிரேக்கை மட்டும் மிதிச்சுக்கிட்டே இறங்கினா அந்தச் சூடு மொத்தமும் டிரம்முக்கும் லைனருக்கும் போகும். ஒரு கட்டத்துக்கு மேல சூடாகிட்டா எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது.

அதனாலதான் பழைய டிரைவருங்க 'ஏறுன கியர்லயே இறங்கு'ன்னு சொல்றாங்க. சின்ன கியர்ல இருந்தா என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசல் மிச்சம் பிடிக்குறேன்னு நியூட்ரல்ல விட்டா அந்தப் பிடி போயிடும். அப்புறம் பிரேக் மட்டும்தான் துணை. மலைப்பாதையில ஏறி வர்ற வண்டிக்குத்தான் இறங்குற வண்டி வழிவிடணும்ங்கறது சாலை விதியிலயே இருக்கு. இதை முதல் நாளே மனசுல வச்சுக்கணும்.

மழைக்காலத்துல பாறை உருளும், மண் சரியும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் மூணாறு வரைக்கும் ரோட்டை அகலப்படுத்தி 2024 ஜனவரியில முறைப்படி திறந்தாங்க. அதே ரோட்டுல கேப் ரோடு பகுதியில 2019, 2020-ல பெரிய சரிவுகள் ஆச்சு. ரோடு அகலமாயிடுச்சு, மலை அதே மலைதான்.

இன்னொரு விஷயம். சாயங்காலம் காலி வண்டி இறங்கும்போது தோட்ட வேலைக்கு வந்தவங்க 'அண்ணே, கீழ வரைக்கும் இறக்கி விடுங்கண்ணே'ன்னு கேட்பாங்க. மனசு கேட்காது. ஆனா சரக்கு வண்டியில சும்மா ஏறி வந்தவங்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தர வேண்டியதில்லைன்னு ஆஷா ராணி வழக்குல சுப்ரீம் கோர்ட் 2002-லயே சொல்லிடுச்சு. ஏதாவது ஆச்சுன்னா அந்தக் குடும்பத்துக்கான இழப்பீடு வண்டிக்காரர் தலையில விழும், கேஸ் டிரைவர் மேல வரும். 'முடியாதும்மா'ன்னு சொல்லப் பழகிக்கணும்.

லைன்ல உடம்பு கொடுக்குற விலை

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லயே வந்தது. 2025 வரைக்கும் அமல்ல இருந்த அந்தச் சட்டத்துல நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு இருந்துச்சு. நீண்ட தூர ஓட்டத்துக்கு அனுமதியோட 10 மணி, 54 மணின்னு இருந்துச்சு. தொடர்ந்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, நடுவுல அரை மணி ஓய்வுன்னும் இருந்துச்சு. ஆனா அந்தச் சட்டம் குறைஞ்சது அஞ்சு தொழிலாளராவது இருக்குற நிறுவனங்களை மனசுல வச்சு எழுதினது. ஒரு வண்டி, ரெண்டு வண்டி வச்சிருக்குற சின்ன ஓனர்கிட்ட சேர்ற டிரைவருக்கு நேரம் குறிக்கிறது சட்டம் இல்ல, போன்ல வர்ற 'எங்க இருக்க?'தான்.

அதனால லைனுக்குப் போனா முதல் கேள்வி: வண்டியில ஒரு டிரைவரா, ரெண்டு பேரா? ஒத்த டிரைவர் வண்டியில புதுசா ஏறுறவன் ராத்திரி மூணு மணிக்குத் தூக்கத்தோட தனியா சண்டை போடணும். ரெண்டாவது டிரைவரா, அனுபவமான ஒருத்தர்கூட போனா காசு கொஞ்சம் குறையும். ஆனா மொழி தெரியாத ஊர்ல எங்க நிறுத்தலாம், எங்க நிறுத்தக் கூடாதுன்னு சொல்ல ஆள் இருக்கும்.

ரெண்டாவது கேள்வி ஓவர்லோடு. 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதுக்கு மேல ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. ஓட்டுறவரும் பொறுப்பு, ஓட்டச் சொன்னவரும் பொறுப்பு. அபராதம் யார் கட்டுறதுன்னு வண்டி எடுக்குறதுக்கு முன்னாடியே பேசிடணும்.

மூணாவது வண்டியோட வயசு. 2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாராகுற நடுத்தர, கனரக லாரிகள்ல கேபின் ஏ.சி. கட்டாயம். மே மாசத்துல நாக்பூரைத் தாண்டுற ஆளுக்கு இது சொகுசு இல்ல. வெக்கையில தூங்காத ஆளுக்கு அடுத்த நாள் கண்ணு இழுக்கும். புது வண்டியா, பழைய வண்டியான்னு தயங்காம கேளுங்க.

அப்போ எந்த வரிசையில போகலாம்?

எனக்குத் தோணுறது இதுதான். இதை லைனா லோக்கலான்னு ஒரே ஒரு தடவை எடுக்குற முடிவா பார்க்காம, எதுக்கு அப்புறம் எதுன்னு பாருங்க. முதல் வருஷம் சமவெளியில பிக்கப். அப்புறம் மூத்த டிரைவர் பக்கத்துல உட்கார்ந்து மலை. முதல்ல வெயில் காலத்துல, பகல்ல, பாதி லோடோட. மழை சீசன் ஒண்ணை முழுசா பார்த்த பிறகு தனியா மலை. ஹெவி வந்த பிறகு லைன்ல ரெண்டாவது டிரைவரா ரெண்டு மூணு டிரிப். அதுக்கு அப்புறம் உடம்பும் வீடும் எதைத் தாங்கும்னு அவங்களுக்கே தெரிஞ்சுடும்.

நேரா லைனுக்குப் போகணும்னு ஒரு பையன் சொன்னா அதுலயும் நியாயம் இருக்கலாம். வீட்டுல கடன் இருக்கு, சீசன் இல்லாத மாசத்தைத் தாங்க முடியாதுன்னா மாசாமாசம் வர்ற காசு முக்கியம். ஆனா அப்பவும் ஒத்த டிரைவர் வண்டி வேண்டாம்.

எந்தப் பக்கம் போனாலும் ரெண்டு வேலையை முடிச்சு வையுங்க. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குன்னு தமிழ்நாட்டுல நல வாரியம் இருக்கு, அதுல பதிவு பண்ணுங்க. அடுத்தது, அட்வான்ஸ், படி, டீசல், அபராதம் எல்லாத்தையும் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. மூணு மாசம் கழிச்சு அந்த நோட்டைக் கூட்டி நாளால வகுங்க. லைன் லாபமா லோக்கல் லாபமான்னு உங்க வண்டிக்கான பதில் அந்த நோட்டுலதான் இருக்கும்.

நம்ம கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் லாரி ஓட்டப் போறதில்ல, தெரியும். ஆனா உங்க தம்பியோ, பக்கத்து வீட்டுப் பையனோ 'லைசென்ஸ் எடுத்துட்டேண்ணே, எங்க சேரலாம்?'னு கேட்டா, 'எவ்வளவு தர்றாங்க?'ன்னு ஆரம்பிக்காதீங்க. 'எத்தனை நாளுக்கு? வண்டியில எத்தனை டிரைவர்?'னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.