வட்டு மாற்றமும் வாடிக்கையாளர் பாத்தியதையும்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதிப் பிழைக்கும் ஒருவருடைய அறையிலும், வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் சிறு ஆலோசகர் ஒருவருடைய மேஜையிலும் ஏழெட்டு வருஷங்களாக உழைத்துவரும் கணினி, காலையில் பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி குடித்துத் திரும்பிய பின்னும் வேலைக்கு ஆயத்தமாகாமல் நிற்கும் காட்சி நமக்கெல்லாம் பழக்கமானதுதான். யந்திரம் கிழடாகிவிட்டது, புதியது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று உரிமையாளர் தீர்மானித்துவிடுகிறார். ஆனால் அந்தத் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் கணினி முழுவதும் அன்று. அதனுள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் என்னும் ஒரே உறுப்புத்தான். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத சேமிப்புச் சாதனத்தைப் பொருத்தினால், புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பகுதிச் செலவிலேயே அந்த யந்திரம் சௌகரியமாக மேலும் சில காலம் உழைக்கும். இந்த மாற்றத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆயினும், ஒரு மணி நேர வேலைதானே என்று கடைக்காரரிடம் ஒப்படைக்கப்படும் இந்தக் காரியத்தில், ஊரார் நம்பிக் கொடுத்த ஆவணங்கள் அழிந்துபோவதும், பழைய டிஸ்க் முன்பின் அறியாத ஒருவர் கைக்குப் போய்ச் சேர்வதும், போலிச் சரக்குக்குப் பணம் கொடுத்துவிட்டு ரசீது இல்லாத ஒரே காரணத்தால் நியாயம் கேட்க முடியாமல் நிற்பதும் அடிக்கடி நேர்கின்றன என்பதனால், இதன் அபாயங்களையும் அவற்றுக்குச் சட்டம் வைத்திருக்கும் பரிகாரங்களையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல, கிராமபோன் முள்ளைப்போல நகரும் ஒரு முனை, தட்டைத் தொடாமலே அதன்மேல் இங்குமங்கும் சென்று எழுத்துகளைப் படிக்கும் ஏற்பாடே ஹார்ட் டிஸ்க். 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் ஐம்பது பெருந்தட்டுகளை அடுக்கிச் செய்த முதல் யந்திரம் ஐம்பது லட்சம் எழுத்துகளைத்தான் கொண்டது; இன்றைய டிஸ்க் அதைப்போல லட்சம் மடங்கு கொள்ளும் என்றாலும், முனை நகர்ந்து உரிய இடத்தை அடையும் அந்தப் பிரயாணம் மட்டும் ஒழியவில்லை. ஒவ்வொரு பிரயாணத்துக்கும் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு அளவுக்குச் செலவாகிறது. கணினி விழிக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடியெடுக்க வேண்டியிருப்பதால், இந்த அற்பப் பொழுதுகளெல்லாம் சேர்ந்து நிமிஷங்களாகிவிடுகின்றன. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா என்ற விஞ்ஞானி உருவாக்கி 1987-ல் வெளியிட்ட நாண்ட் என்னும் சில்லு முறையை அடிப்படையாகக் கொண்ட எஸ்.எஸ்.டி.யில் சுழலுவதும் இல்லை, நகருவதும் இல்லை. ஆகவேதான், பழைய மதர்போர்டில் இதன் முழு வேகம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. உச்ச வேகத்தில் பாதியே கிடைத்தாலும் அந்தப் பிரயாணம் இல்லாமற் போவதே போதுமான லாபம்.

எந்தச் சாதனம் பொருந்தும் என்பதில் மட்டும் சற்று நிதானம் வேண்டும். பழைய கணினிகளுக்குச் சாட்டா என்னும் இணைப்புள்ள 2.5 அங்குல வகை ஏறக்குறைய எப்போதும் பொருந்தும். விரல் நீளமுள்ள எம்.2 வகையிலோ இணைப்பு முறையால் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு ஜாதிகள் உண்டு, பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றுக்கான பொருத்துவாயில் மற்றது வேலை செய்யாமற் போகலாம். கணினியின் மாதிரி எண்ணைச் சொல்லி, பொருந்தாவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்வதாக வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நலம்.

இனி அபாயங்களைப் பார்ப்போம். எல்லாவற்றிலும் பெரியது, உள்ளிருக்கும் விஷயம் அழிந்துபோவது. மந்தமாகிவிட்ட டிஸ்க் வெறுமனே கிழடுதட்டியதாக இல்லாமல், சாகும் தறுவாயில் இருப்பதாகவும் இருக்கக்கூடும். கடகடவென்ற ஓசையும், கோப்பைத் திறக்கையில் நெடுநேர ஸ்தம்பிப்பும், பிழைச் செய்திகளும் அதற்கு அடையாளங்கள். அப்படிப்பட்ட டிஸ்க்கை முழுவதுமாக நகலெடுக்க, அதாவது 'குளோன்' செய்யப் புகுந்தால், மணிக்கணக்கில் ஓய்வின்றி ஓடும் அந்த உழைப்பிலேயே அது பிராணனை விட்டுவிடலாம். எனவே, கடைக்காரர் கணினியைத் தொடுவதற்கு முன்பே, தொழிலுக்கு உயிரான கோப்புகளைத் தனியொரு வெளி டிஸ்க்கில் நாமே நகலெடுத்து, அந்த நகலில் நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பார்த்துவிட வேண்டும். "எல்லாம் நான் பேக்கப் எடுத்துத் தருகிறேன், சார்" என்ற வாய்மொழி உறுதியை நம்பி இருப்பது விவேகமன்று. ஏனெனில், உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் சாதனத்துக்கு மட்டுமே உரியது. அதிலிருந்த விஷயத்துக்கு நிறுவனங்கள் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை.

கோப்புகளை மாத்திரம் காப்பாற்றினால் போதுமா என்றால், போதாது. டாலி போன்ற கணக்கு மென்பொருள்களின் உரிமம் அந்தக் கணினியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், மாற்றத்துக்கு முன் அதை முறைப்படி 'சரண்டர்' செய்து, பின்னர் மீண்டும் பெற்றுக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் கையொப்பம் யூ.எஸ்.பி. டோக்கனில் பத்திரமாக இருந்தாலும், அதை இயக்கும் மென்பொருள் புதிய நிறுவலில் இராது. வரித் தாக்கலின் கடைசி நாளன்று இதைக் கண்டுபிடிப்பவர்களின் தவிப்பு சொல்லி முடியாதது. நமது தமிழ் அலுவலகங்களுக்கே உரிய மற்றொரு சிக்கல் எழுத்துருக்களைப் பற்றியது. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டெழுதப்பட்ட பத்திரங்களும் மனுக்களும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துருக் கோப்புகளையும் விசைப்பலகை மென்பொருளையும் நகலெடுக்க மறந்துவிட்டால், பல்லாண்டுக் கால உழைப்பு திரையில் அர்த்தமற்ற ரோமன் எழுத்துகளாகவும் குறிகளாகவும் காட்சி தரும். சில கணினிகளில் பிட்லாக்கர் என்னும் பூட்டு உரிமையாளர் அறியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் குறித்து வைக்காமல் டிஸ்க்கைக் கழற்றினால், கோப்புகள் இருந்தும் இல்லாதவையே.

அடுத்து, சரக்கின் உண்மை. சென்னை ரிச்சி தெருவானாலும் இணைய அங்காடியானாலும், நேர்மையான வியாபாரிகளுக்கு நடுவே போலிகளும் உலவுகின்றன. நம்ப முடியாத மலிவில் இரண்டு டெராபைட் என்று விற்கப்படும் சில சாதனங்களுக்குள்ளே இருப்பது ஒரு சிறு மெமரி கார்டுதான். பெரிய கொள்ளளவைப் பொய்யாக அறிவிக்கும்படி அதன் உள் மென்பொருள் திருத்தப்பட்டிருக்கும். ஆரம்பத்தில் எல்லாம் சரியாகவே தோன்றும். உண்மைக் கொள்ளளவு நிரம்பியதும் புதியது பழையதன்மேல் எழுதப்பட்டு இரண்டும் கெடும். கொள்ளளவு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருளை முதல் நாளே ஓட்டிப் பார்ப்பதும், பெட்டியிலுள்ள தொடர் எண்ணை உற்பத்தியாளரின் தளத்தில் சரிபார்ப்பதும் இந்த வஞ்சனைக்குத் தக்க காப்பு. உத்தரவாத வாசகத்தையும் ஒருமுறை ஊன்றிப் படிக்க வேண்டும்: மூன்று அல்லது ஐந்து ஆண்டுகள் என்பதோடு, மொத்தம் இத்தனை டெராபைட் எழுதும் வரை என்ற வரம்பும் இருக்கும், இரண்டில் எது முந்துகிறதோ அதோடு உத்தரவாதம் தீர்ந்துபோகும். சாதாரண அலுவலக உபயோகம் அந்த எழுத்து வரம்பை நெருங்குவதே அபூர்வம் என்பதால் அதற்காக அஞ்ச வேண்டாம்.

பழைய டிஸ்க்கைப் பற்றித்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கட்சிக்காரர்களின் ஆதார் நகல், பான் எண், வங்கிக் கணக்கு, சொத்து விவரம், குடும்பப் பாகப்பிரிவினையின் அந்தரங்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. "பழசை வைத்துக்கொள்கிறேன், விலையில் நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்" என்ற பேச்சுக்கு இசைந்துவிட்டால், நமக்குச் சொந்தமில்லாத ரகசியங்களை நூறு ரூபாய்க்கு விற்றவர்களாகிறோம். அழித்துவிட்டோம் என்ற சமாதானமும் செல்லாது. ஹார்ட் டிஸ்க்கில் சாதாரணமாக அழிக்கப்பட்டவற்றைச் சிறு மென்பொருளாலேயே மீட்டுவிடலாம். பழைய டிஸ்க் நம் கைக்குத் திரும்பி வர வேண்டும். புதியது பழுதின்றி இயங்குவது தெரியும்வரை இரண்டொரு மாதம் பெட்டியில் இருக்க வேண்டும். பின்னர் முழுதும் மேலெழுதி அழிக்கப்பட்டு, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும். பிறருடைய கணினியிலுள்ள விஷயத்தை அனுமதியின்றி நகலெடுப்பதும் அழிப்பதும் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி நஷ்டஈட்டுக்கு உரியவை. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்யப்பட்டால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. அத்தகைய துர்ப்பிரயோகம் தெரியவந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யலாம். அதே சமயம், 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களை வைத்திருப்பவர்கள்மேலும் காப்பாற்றும் கடமையைச் சுமத்துகிறது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு அது படிப்படியாக அமலுக்கு வருகிறது.

புதிய சாதனம் வந்துவிட்டதாலேயே நகலெடுப்பதை நிறுத்திவிடக் கூடாது. ஹார்ட் டிஸ்க் பல சமயம் ஓசையிட்டு எச்சரித்த பின்பே ஓயும், எஸ்.எஸ்.டி.யோ நேற்று மாலை வரை நன்றாக இருந்து இன்று காலை அடையாளமே தெரியாமல் போய்விடக்கூடும். தவறி அழித்த கோப்பை மீட்பதும் இதில் அரிது. ட்ரிம் என்ற ஏற்பாடு, அழித்த இடத்தைத் தானாகவே காலி செய்துவிடுகிறது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன என்பதையும் மறக்கலாகாது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட பெரும்பாலான கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே மிகப் பழைய யந்திரத்துக்கு அதிகச் செலவு செய்யாமல், நாளை வேறொரு கணினிக்கும் மாற்றிப் பொருத்தக்கூடிய 2.5 அங்குலச் சாட்டா வகையை வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பின்னும் நஷ்டம் நேர்ந்தால் என்ன செய்வது? "அலுவலகத்துக்கு வாங்கியது, வியாபார உபயோகம், நீங்கள் நுகர்வோரே அல்ல" என்று கடைக்காரர் வாதிடுவது உண்டு. அந்த வாதத்தைக் கேட்டே பலர் திரும்பிவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை விலக்குவது மெய்தான். ஆனால் சுயதொழிலால் ஜீவனம் நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தாமே உபயோகிப்பவரை அந்த விலக்கு கட்டுப்படுத்தாது என்று அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. கோயம்புத்தூர்ப் பி.எஸ்.ஜி. தொழிற்கழகம் எதிர்த்தரப்பாக இருந்த லக்ஷ்மி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம், பழைய சட்டத்திலிருந்த இதே விளக்கத்தை ஆராய்ந்து, ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் மட்டும் ஒருவர் இந்தப் பாத்தியதையை இழப்பதில்லை என்று தெளிவுபடுத்தியது. தம் கையால் பத்திரம் தட்டெழுதும் எழுத்தரும், ஓர் உதவியாளரோடு கணக்கு எழுதும் ஆலோசகரும் இந்த நிழலில் நிற்கலாம். இருபது ஊழியர்கள் உள்ள ஸ்தாபனத்துக்கு இது கடினம்.

ரசீது தர மறுப்பதே அச்சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே; பில்லில் காலவரையறை இல்லையானால் முப்பது நாள் என்று சட்டமே வரையறுக்கிறது. நம்பிக்கையாகக் கொடுத்த சொந்த விவரங்களைப் பிறருக்கு வெளிப்படுத்துவதும் அத்தகைய நடைமுறைகளின் பட்டியலில் உண்டு. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிடலாம். பெரும்பாலான சில்லறைத் தகராறுகள் அங்கேயே சமாதானமாவது நல்லது. ஆகாவிட்டால், குறை நேர்ந்த இரண்டாண்டுக்குள், கடை எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கிடலாம். இ-ஜாக்ரிதி என்ற இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாத வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை.

மனுவோடு சேர்க்க வேண்டியவற்றை வேலை தொடங்கும் நாளன்றே சேகரிக்க வேண்டும்: ஜி.எஸ்.டி. எண்ணோடு கூடிய ரசீது, அதில் சாதனத்தின் தொடர் எண், பழைய டிஸ்க்கும் புதியதும் தெரியும் புகைப்படம், கணினியை ஒப்படைக்கும்போது "உள்ளிருக்கும் கோப்புகள் நகலெடுக்கப்பட வேண்டும், பழைய டிஸ்க் திருப்பித் தரப்பட வேண்டும்" என்று எழுதிக் கடைக்காரர் கையொப்பமிட்ட சீட்டு. தகவல் மீட்பு நிலையத்துக்குச் செலவு செய்ய நேர்ந்திருந்தால் அந்த ரசீதையும் இணைத்து, பொருளின் விலை, மீட்புச் செலவு, வேலை தடைப்பட்டதால் நேர்ந்த நஷ்டம் ஆகிய மூன்றையும் தனித்தனித் தொகையாக மனுவில் குறிப்பிட்டுக் கோர வேண்டும்.